மூன்றாம் மாடிக்காரர்

எங்கள் அம்மாவுக்குப் பேசுவதுதான் வேலை. வீட்டில் அதைச் சும்மா செய்வாள், அலுவலகத்தில் சம்பளத்துக்குச் செய்வாள், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுடைய கம்பெனியின் லிஃப்ட் ஊருக்குள் எங்கே பாதி வழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மணி அம்மாவின் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேர்ந்து கதவைத் திறக்கும் வரை அந்த ஆளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஏழு முதல் மூன்று வரை, பதினொரு வருடமாக இதேதான்.

அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அந்தக் கடையின் லிஃப்ட்டில் ஆறு பேரோடு ஐம்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே யாரும் அழவில்லை, மயங்கவில்லை. ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள், "இன்னும் அஞ்சு நிமிஷம் மூடி வைங்க சார், கதை முடியட்டும்" என்றாராம். மெக்கானிக் போய்க் கம்பெனியில் சொன்னார். அடுத்த மாதமே அம்மா காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா தனக்கென்று இரண்டு சட்டம் வைத்திருந்தாள். மாட்டிக்கொண்டவரிடம் 'பயப்படாதீங்க' என்று சொல்லக் கூடாது. அதைக் கேட்ட பிறகுதான் பயப்பட ஏதோ இருக்கிறது என்று அவருக்கு உறைக்கும். அடுத்தது, எத்தனை நிமிடம் ஆகும் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. 'கிளம்பிட்டாரு, வந்துக்கிட்டே இருக்காரு' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மெக்கானிக் எங்கேயோ டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாலும் அவர் கிளம்பிவிட்டார்தான்.

மற்றபடி என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த மெக்கானிக்கை நான் ஸ்பானர் மாமா என்று கூப்பிடுவேன். கல்யாணமே ஆகாதவர். அம்மா அவருக்கு ஒன்பது பெண் குழந்தைகளைக் கொடுத்திருந்தாள். உள்ளே இருப்பவர் பதறினால், மூத்தவளில் ஆரம்பித்து ஒவ்வொருத்தியின் குணத்தையும் வரிசையாகச் சொல்லுவாள். ஏழாவது பெண் வருவதற்குள் மாமா வந்துவிடுவார். கதவு திறந்ததும் வெளியே வருகிறவர் நன்றி சொல்ல மாட்டார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி சார் சமாளிக்கிறீங்க? ஒன்பது!" என்பார்.

"எக்கா, இதெல்லாம் நியாயமா? எனக்குப் பொண்ணு பாத்த இடத்துல விசாரிச்சிருக்காங்க. ஒன்பது புள்ளையோட ரெண்டாங்கல்யாணமான்னு கேட்டுத் துரத்திட்டாங்க" என்று மாமா சண்டைக்கு வந்திருக்கிறார்.

"அவங்க வீட்டு லிஃப்ட் நம்ம கம்பெனியோடதா? அப்ப நான்தான். மன்னிச்சுக்கோ தம்பி, ரெண்டு பொண்ணக் குறைச்சுக்கறேன்" என்றாள் அம்மா.

எனக்கும் இந்தத் தொழில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்பு என்னை இரண்டு முறை தோற்கடித்த பிறகு நான் அதன் பக்கம் போகவில்லை, வீட்டில்தான் இருந்தேன். ஆனால் யார் குரலையும் அப்படியே எடுத்துவிடுவேன். ஒருமுறை எதிர்த் தெரு கட்டடத்தில், நன்றாக ஓடுகிற லிஃப்ட்டில் ஏறி, பொத்தானை அழுத்தி, எழுபது வயதுத் தாத்தாவாக அழுதேன். அம்மா நாலாவது பெண் வரைக்கும் வந்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள். "தாத்தா, இந்த மூக்குறிஞ்சற சத்தம் எங்க வீட்டுச் சத்தம் மாதிரியே இருக்கு. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றாள். பேசிக்கொண்டோம். கன்னம் இரண்டு நாள் எரிந்தது.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். மீதி நாளெல்லாம் நானும் அம்மாவும் மட்டும்தான்.

ஒரு சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரியுமா, மூணாம் மாடியில ஒரு ஆளு மாட்டிக்கிட்டாரு" என்றாள்.

எங்கள் கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். லிஃப்ட்டும் கிடையாது.

"எந்த மூணாம் மாடி?"

"எங்கிட்ட இருக்கற மூணாம் மாடி. தலை அஞ்சாம் மாடி, கழுத்து நாலாம் மாடி, இது மூணு. இடது பக்க லிஃப்ட்" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள். "சின்ன ஆளுதான். கோலிகுண்டு அளவு. ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க. கேன்சராம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சொன்ன விதத்தில் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள் என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். பாதிச் சிரிப்பில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குளிருக்கு அடுப்பைப் பார்க்கிற மாதிரி. அதனால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"என்ன சொல்றாரு அந்த ஆளு?" என்றேன்.

"நீயே கேளு."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு குரலை எடுத்தேன். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, கொஞ்சம் மூக்கடைப்பு. "ஹலோ, யாரு மேடம் லைன்ல? இங்க ஃபேன் ஓடல. நான் யாருன்னு தெரியுமா? எவ்வளவு நேரம் ஒரு மனுஷன் நிக்கிறது?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, வேலைக் குரலில், "வணக்கம் சார், கண்ட்ரோல் ரூம். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்றாள்.

"ஒருத்தன்தான் மேடம்."

"நல்லது சார். கூட வேற யாரையும் கூப்பிட்டுக்காதீங்க."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இப்படியே போனது. அப்பாவிடம் எப்போது சொல்வது என்று கேட்டேன். "நடுக்கடல்ல நிக்கிற மனுஷன் இதக் கேட்டுட்டு எங்க ஓடுவாரு? வெங்காயத்தத்தான் இன்னும் கொஞ்சம் வெட்டுவாரு. ஆபரேஷன் முடியட்டும், சொல்லிக்கலாம்" என்றாள். ஒரு பக்க மார்பை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் அந்தப் பேச்சின் நடுவிலேயே, உப்பு டப்பாவை நகர்த்திக்கொண்டே சொன்னாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் தலை வாரும்போதும், சாயங்காலம் டீயின்போதும் மூன்றாம் மாடிக்காரர் பேசுவார். அவருக்கு ஒரு மனைவியைக் கொடுத்தோம். அவள் போன் போட்டுத் திட்டுவாள். ஒரு மருமகனைக் கொடுத்தோம். அவன் இவரைப் பார்க்கவே வர மாட்டான். கையில் ஒரு சாப்பாட்டு டப்பா, கக்கத்தில் குடை. அவர் தும்முவார், முனகுவார், சங்கத்தில் புகார் கொடுப்பேன் என்று மிரட்டுவார். "எனக்குக் கத்தின்னா ஆகாது மேடம், வேற வழி பாருங்க" என்பார். அம்மா, "மெக்கானிக் கிளம்பிட்டாரு சார், வந்துக்கிட்டே இருக்காரு" என்பாள். நான் அந்த ஆளைக் கோமாளியாக்கக் கோமாளியாக்க, எங்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சாயங்காலம் எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன்.

நடுவில் என் சொந்தக் குரலில், "தேதி குடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்பேன்.

"குடுப்பாங்க. ஆஸ்பத்திரில கூட்டம். கிளம்பிட்டாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க."

நானும் சிரிப்பேன். ஒரு மாதத்துக்கும் மேலாக இப்படிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா போனைச் சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பத்து மணி இருக்கும், மணி அடித்தது. தெரியாத எண். குறும்பு யாரை விட்டது? அம்மாவின் வேலைக் குரலிலேயே, "வணக்கம், சொல்லுங்க" என்றேன்.

"அம்மா, ஆஸ்பத்திரி வார்டுலேருந்து நர்ஸ் பேசறேன். நேத்து உங்களுக்கு பெட் போட்டு வச்சிருந்தோமே, ஏன் வரல?"

 குரல் அப்போதும் அம்மாவுடையதாகவே வந்தது. "நேத்தா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? இது ரெண்டாவது தடவை. மொதத் தடவ பையோட வந்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்க. நேத்து போனையே எடுக்கல. டாக்டர் கோவிச்சுக்கிட்டாரு."

"மொதத் தேதி குடுத்து எவ்வளவு நாளாச்சு?"

"அஞ்சு வாரம். வர்ற வியாழன் ஒரு இடம் இருக்கு. காலையில ஏழு மணி, வெறும் வயித்தோட வரணும். வருவீங்களா? வரலைன்னா சொல்லிடுங்கம்மா, இன்னொருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"வந்துடறேன்" என்றேன். "நிச்சயமா வந்துடறேன் சிஸ்டர்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு என் குரல் திரும்பி வரவில்லை. 'ஐயோ' என்றேன். அதுவும் அம்மா குரலில்தான் வந்தது.

செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கம்பெனிக்கு நடந்தேன். கண்ட்ரோல் ரூம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஒரு மேசை, சின்னச் சின்ன விளக்குகள் உள்ள ஒரு பலகை, சுவரில் ஊர் வரைபடம். அம்மா யாரோ ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, கிளம்பிட்டாரு. உங்க தெருமுனைக்கே வந்துட்டாரு. அஞ்சாவது பொண்ணு இருக்கா பாருங்க, அவ ஒரு பிடிவாதக்காரி..." பேசிக்கொண்டே இன்னொரு போனைக் கையில் எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, "தம்பி, டயர் மாத்தியாச்சா இல்லையா?" என்றாள். அங்கேயிருந்து இல்லை என்று பதில் வந்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஹெட்போனில், "இதோ, உங்க கேட்டுக்குள்ள நுழையறாரு" என்றாள்.

எத்தனை சுத்தமாகப் பொய் சொல்கிறாள் என்று இத்தனை வருடம் வியந்திருக்கிறேன். அன்றைக்கு வியக்க முடியவில்லை.

அந்தப் பெண் லிஃப்ட்டை விட்டு வெளியே வந்த பிறகு அம்மா மாடிப்படிக்கு வந்தாள். "என்னடி, வால முறுக்கிக்கிட்டு வந்திருக்க? வீட்ட எரிச்சுட்டியா?"

"நேத்து எங்கம்மா போன?"

"எங்க போவேன், வேலைக்குத்தான்."

"ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு."

 "நீ எடுத்தியா?"

"நான் எடுக்கல. நீ எடுத்த."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் நின்று, என் தோள் மேல் விழுந்து, அங்கேயே இருந்தது. "என் குரல்ல என்னடி சொன்ன?"

"வியாழக்கிழமை வந்துடறேன்னு சொன்ன."

"நான் சொன்னேனா?"

"நிச்சயமா வர்றேன்னு சொன்ன."

படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம் கழித்து, பழைய சிரிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்துக்கொண்டு, "அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் நம்ம கம்பெனியோடதுதான், தெரியுமா? நாப்பத்தேழாம் நம்பர். போன வருஷம் மட்டும் நாலு தடவ நின்னுருக்கு. அதுல என்னப் படுக்க வச்சு ஏத்தப் போறாங்களாம். எதுக்கும் நம்ம மூணாம் மாடிக்காரரக் கேளு, வியாழக்கிழமை அவருக்குத் தோதுப்படுமான்னு" என்றாள்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கடைப்புக் குரலுக்காகக் காத்திருந்தாள்.

"அது நான்தாம்மா" என்றேன். "அந்தக் குரல் நான்தான். அந்தக் கட்டிக்கு வாயே கிடையாதும்மா."

இதைச் சொல்லிவிட்டு நான் அழுதேன். மூக்குறிஞ்சும் சத்தத்தோடு, எங்கள் வீட்டுச் சத்தத்தோடு.

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கேலியெல்லாம் போய்விட்ட குரலில் பேசினாள். "மொதத் தடவ உள்ள வரைக்கும் போனேன்டி. ஒரு ஃபாரம் குடுத்தாங்க. எடுத்துடறதுக்குச் சம்மதம்னு கையெழுத்து. அவங்க குடுத்த பேனா எழுதல. வேற பேனா கேக்கலாம்னு எழுந்தேன். எழுந்தவ அப்படியே வெளிய வந்து பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்தா நீ அந்தாளு மாதிரிப் பேசற, தும்மற. நீ சிரிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லன்னு இருந்துச்சு."

"நான் சிரிச்சது நீ சிரிக்கிறன்னு."

"தெரியும்."

தெரியுமாம்.

கீழேயிருந்து ஸ்பானர் மாமா பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். "என்னக்கா, கீழ வரும்போது நாப்பத்தேழப் பத்தி ஏதோ காதுல விழுந்துச்சே? கயிறெல்லாம் புதுசு மாத்தியாச்சு. இப்ப அது கன்னுக்குட்டி மாதிரி ஓடுது." பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அம்மாதான் சொன்னாள். மூன்றாம் மாடி, இடது பக்கம் என்றெல்லாம் சொல்லாமல், உள்ளது உள்ளபடி நான்கு வார்த்தையில் சொன்னாள். அவள் அதை அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

மாமா ரொம்ப நேரம் கையில் இருந்த எண்ணெய்க் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "வியாழன் எத்தனை மணிக்கு உங்கள மேல கொண்டுபோறாங்க?" என்று கேட்டார். "நான் மொட்டமாடி மெஷின் ரூம்ல நிக்கிறேங்க்கா. நீங்க மேல போயிச் சேர்ற வரைக்கும் லிஃப்ட்ட இழுக்கற சக்கரத்து மேலருந்து கண்ண எடுக்க மாட்டேன். நின்னா கையாலயே சுத்தி ஏத்திடுவேன்."

"ஒன்பது பொண்ணுங்களையும் யாரு பாத்துக்குவா?" என்றாள் அம்மா. மாமா சிரிக்க முயன்று, முடியாமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

 புதன்கிழமை அம்மா சட்டைகளை மடித்தாள்; துணிக்கடையில் பழகிய கை, காலர் நிமிர்ந்து நிற்கும்படி மடிக்கும். முன்பக்கம் பொத்தான் உள்ளவை மட்டும் பைக்குள் போயின. ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தூக்கித் தலைவழியாகப் போட முடியாதாம். நான் பையில் ஐந்து பேனா வைத்தேன். ஒவ்வொன்றாகத் தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

வியாழன் காலையில் அவள் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பேனா. முதல் பேனாவை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, "இது ராசியில்லாத பேனா" என்றாள். கையெழுத்து கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. பரவாயில்லை என்று நர்ஸ் வாங்கிக்கொண்டாள்.

சக்கரப் படுக்கையில் படுக்க வைத்து நாற்பத்தேழாம் நம்பர் லிஃப்ட்டுக்குள் தள்ளினார்கள். நானும் ஒட்டிக்கொண்டு ஏறினேன். கதவு மூடியது. அம்மா மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ ஆயிரம் பேரைப் பேச்சாலேயே பிடித்து வைத்திருந்தவள், அந்த ஐந்து மாடிக்கும் வாயே திறக்கவில்லை. லிஃப்ட் நிற்கவில்லை. சொன்னபடி கன்னுக்குட்டி மாதிரி ஓடியது. அது பாதியில் நின்றால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நான் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆபரேஷன் அறை வாசலில், "அப்பாவுக்குப் போன் போட்டுடு. கதை விடாம சொல்லு" என்றாள். கதவு ஆடி நின்றது.

படிக்கட்டுப் பக்கம் போய் அப்பாவுக்குப் போன் போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், எஞ்சின் சத்தம். "அடுப்ப அணைச்சுட்டு வரேன், வச்சுடாத" என்றார். நான் வைக்கவில்லை. அவர் திரும்பி வரவே இல்லை. அரை மணி நேரம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு லைன் தானாக அறுந்தது. சாயங்காலம் கூப்பிட்டு, அடுத்த துறைமுகத்தில் இறங்கி வருவதாகச் சொன்னார். அதற்குப் பதினெட்டு நாள் ஆகும்.

நாலாம் நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுப் போட்ட பக்கம் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டே இருந்தாள். கேலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, ஆனால் மூன்றாம் மாடிக்காரரைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கட்டு மாற்ற நர்ஸ் வந்தபோதெல்லாம் அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னையும் அறையில் இருக்க விடவில்லை.

எடுத்ததைப் பரிசோதித்த முடிவை வாங்கிக்கொண்டு வர நான்தான் போனேன். உறையில் இருந்த தாளில் எனக்குப் பாதி புரியவில்லை. நர்ஸைக் கேட்டேன். மார்போடு சேர்த்து அக்குளிலிருந்து சின்னச் சின்ன நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்ப்பார்களாம். அதில் நோய் போயிருக்கிறதா என்பதுதான் முக்கியமாம். பதினான்கு எடுத்திருந்தார்கள். ஐந்தில் போயிருந்தது.

நடைபாதையில் டாக்டரை மறித்தேன். "அஞ்சு வாரம் முன்னாடியே வந்திருந்தா இது ஆகியிருக்காதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஒருவேளை முன்னாடியே போயிருக்கலாம். அதையே நினைச்சுக்கிட்டிருக்காத. இனிமே மருந்து ஏத்தணும், அதுல கவனமா இருங்க."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, நான் தும்மிய தும்மல்களை எல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். "என்ன போட்டிருக்கு?"

"மருந்து ஏத்தணுமாம். எல்லாருக்கும் ஏத்தறதுதானாம். மத்ததெல்லாம் டாக்டரே நேர்ல சொல்வாராம்" என்றேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. தாளை மடித்து என் அலமாரியில், துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் திரை போட்ட ஒரு சின்ன அறை. நர்ஸ் கட்டைப் பிரித்துக்கொண்டே, "இன்னைக்குப் பாத்துடுங்கம்மா. வீட்ல தனியா இருக்கறப்ப மொதத் தடவ பாக்கறதுக்கு, இங்கயே பாக்கறது நல்லது" என்றாள்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே போகப் போனேன்.

"இருடி" என்றாள். "நீ பாரு. பாத்து எனக்குச் சொல்லு. விளையாட்டு வேணாம்."

பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, பார்த்துவிட்டேன் என்பதால் நிம்மதியாகவும் இருந்தது. கேலி செய்யப் பத்து வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. எனக்கு அது மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

"தட்டையா இருக்கும்மா. என் நெஞ்சு சின்ன வயசுல இருந்த மாதிரி" என்றேன்.

"அப்புறம்?"

"குறுக்க ஒரு கோடு. நடுவுல ஆரம்பிச்சு அக்குள் பக்கம் போகுது. ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும். சிவப்பா இருக்கு. ஓரத்துல கொஞ்சம் மஞ்சளாக் கன்னிப் போயிருக்கு."

"அப்புறம்?"

"கோட்டுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்ட, குழாய் வச்சிருந்த இடம். அது மூடிக்கிட்டு வருது. அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

 நர்ஸ் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி, தாடையை இறக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் கோணியது, நேரானது, மறுபடியும் கோணியது. சத்தமே இல்லாமல் அழுதாள். பேசியே பிழைத்தவள் அப்படிச் சத்தமில்லாமல் அழுவாள் என்று எனக்குத் தெரியாது.

"ஒரு விரலா இது?" என்றாள் கடைசியில். "ஒரு சாணுக்கு மேல இருக்கேடி."

"கொஞ்சம் சுருக்கிட்டேம்மா."

"எதுக்கு?"

 அவள் ஆபரேஷன் ஆகாத பக்கத்துக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சுட்டது.

"இனிமே எங்கிட்ட எதையும் சுருக்காத" என்றாள்.

நர்ஸ் முதல் தையலை வெட்டினாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"அந்தத் தாள்ல அஞ்சுன்னு போட்டிருக்கும்மா. அக்குள்ல எடுத்ததுல, அஞ்சுல இருக்காம்."

"எத்தனையில?"

"பதினாலுல."

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ஒரு வாரமா."

அவள் கண்ணை மூடினாள். நர்ஸ் இரண்டாவது தையலை வெட்டினாள், மூன்றாவதை வெட்டினாள். அவ்வளவு நேரமும் அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. எல்லாம் பிரித்து, மருந்து தடவி முடித்த பிறகு எழுந்து உட்கார்ந்தாள். சட்டையை ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை. நான் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டேன்.

"அவருகிட்ட போலாம் வா, டாக்டர்கிட்ட" என்றாள். "எல்லாத்தையும் என் எதிர்லயே சொல்லச் சொல்லு. நீயும் கூடவே உக்காந்து கேளு."